சேணத்தின் மீதான ஏக்கமும் ஒரு சட்டப்பிரிவும்

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். மறுப்பு இருப்பின் முழுதாக வாசித்த பின் எழுதுக.)

சில காலமாக நம் கல்விப்புல நண்பர்களின் பக்கங்களில் ஒரே வகையான படங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. நூறாண்டுப் பழமையுடைய தோல் சேணம். தேய்ந்து மெருகேறிய அங்கவடி. தொடைப்பகுதி அகன்று முழங்காலுக்குக் கீழ் இறுகும் ஜோத்பூரிக் கால்சட்டை. முழங்கால்வரை உயர்ந்த சவாரிக் காலணி. அரண்மனை விடுதியொன்றின் சுவரில் வரிசையாகத் தொங்கும் கடிவாளங்கள். படங்களுக்குக் கீழே ‘அந்தக் காலத்து நேர்த்தி’ என்றும் ‘இனி வாய்க்காத கைத்திறன்’ என்றும் பெருமூச்சுகள். பெருமூச்சு விடுவோரில் வரலாற்றுத்துறை ஆசிரியர்கள் உண்டு. பண்பாட்டு ஆய்வு மாணவர்கள் உண்டு. பொருள்சார் பண்பாடு குறித்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்போரும் உண்டு. பழம்பொருள் வணிகர் இவ்வாறு எழுதினால் எனக்குப் புகாரில்லை. விற்பது அவர் தொழில். ஆராய்வதைத் தொழிலாகக் கொண்டோர் விளம்பர வாசகம் எழுதத் தொடங்கும்போதுதான் பேசவேண்டியிருக்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஏக்கம், சேணத்தில் அமர்ந்தவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதைத் தைத்தவரையும், அதில் ஏறலாகாது என்று தடுக்கப்பட்டவரையும் மறந்துவிடுகிறது. வட இந்தியாவில் இவ்விருவரும் பெரும்பாலும் ஒரே சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே இந்த மறதியைக் கவனக்குறைவு என்று கடந்துபோக இயலாது. அழகு என்று நாம் கொண்டாடுவது இந்த மறதியின் மேல்தான் நிற்கிறது.

முதலில் ஒரு சட்டப்பிரிவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தம் சேர்த்த குற்றங்களின் பட்டியலில் ஓர் உட்பிரிவு உண்டு. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தல், காலணியோ புத்தாடையோ அணிவதைத் தடுத்தல், திருமண ஊர்வலம் நடத்துவதைத் தடுத்தல், அவ்வூர்வலத்தில் குதிரை மீதோ வேறு வாகனத்தின் மீதோ ஏறுவதைத் தடுத்தல் ஆகியவை அங்கே ஒன்றாகக் குற்றமாக்கப்பட்டுள்ளன. காலணி, ஆடை, குதிரை: நம் நண்பர்கள் ‘வின்டேஜ்’ என்று பகிரும் பட்டியல் இதுவேயல்லவா? இருபத்தோராம் நூற்றாண்டின் நாடாளுமன்றம் இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதவேண்டி வந்தது என்றால், அவற்றுக்குள் ஏதோ ஓர் ஒழுங்கு இருந்தது, இன்றும் இருக்கிறது என்பதே பொருள்.

அந்த ஒழுங்கு பழங்கதையன்று. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். குதிரை வாங்கி அதில் சவாரி செய்ததற்காகவே கொன்றார்கள் என்று குடும்பத்தார் புகார் அளித்தனர். அதே ஆண்டு ஜூலையில் உத்தரப்பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், பல மாதப் போராட்டத்துக்குப் பின், தலித் மணமகன் ஒருவரின் ஊர்வலம் காவல்துறைப் பாதுகாப்புடன் தாக்கூர்கள் வாழும் தெருவழியே சென்றது. 2022இல் ராஜஸ்தானின் பூந்தி மாவட்டக் காவல்துறை, தலித் மணமகன்கள் குதிரையேறிச் செல்வதை உறுதிசெய்யவென்றே ‘ஆபரேஷன் சமான்தா’ என்று பெயரிட்டு ஒரு திட்டம் நடத்தியது. அதே ஆண்டு ஜெய்ப்பூர் மாவட்டத்தில் இந்தியக் காவல் பணி அதிகாரி ஒருவரே தம் திருமணத்துக்குக் காவலர் சூழக் குதிரையேறினார். ஜோத்பூரிக் கால்சட்டை பிறந்த அதே ராஜஸ்தான் இது.

இனி அந்தக் கால்சட்டைக்கு வருவோம். 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்கு ஜோத்பூரின் சர் பிரதாப் சிங் தம் போலோ அணியுடன் இங்கிலாந்து சென்றார். அவர்கள் அணிந்த கால்சட்டை அங்கே புகழ்பெற்றது. ஊரின் பெயரே உடையின் பெயராயிற்று. இழுபடும் தன்மையுள்ள துணி இல்லாத காலத்தில், சேணத்தில் கால் அகற்றி அமரத் தொடைப்பகுதியில் தாராளமான துணி வேண்டும். கீழே வார்களில் உரசிச் சிக்காதிருக்கச் சூடிதார்போல் இறுக்கம் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே உடையில் பொருத்தியது மெய்யான தொழில்நுட்ப அறிவு. அதை மறுப்பார் இல்லை.

ஆனால் அந்த அறிவு யாருடையது? நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதையில், வழியில் இளவரசரின் பெட்டிகள் காணாமற்போகின்றன. இலண்டன் சவைல் ரோ தெருவின் தையற்காரர் ஒருவரிடம் அவர் தம் உடையின் வெட்டை விளக்குகிறார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவுகிறது. இக்கதை மெய்யோ பொய்யோ, அது ஒருபுறம் இருக்கட்டும். கதையின் கட்டமைப்பைப் பாருங்கள். அணிந்த இளவரசருக்குப் பெயர் உண்டு. இலண்டனின் தெருவுக்குப் பெயர் உண்டு. அந்த வெட்டை முதலில் துணியில் கண்ட ஜோத்பூரின் தர்ஜி எங்கே? கதை அவரைத் தேடுவதே இல்லை. இளவரசர் வடிவமைத்தார் என்று ஒரு வினைச்சொல்லில் தையற்காரரின் கையும் கத்தரியும் கரைந்துபோகின்றன. இவ்வினைச்சொல்லை விளம்பரக்காரர் பயன்படுத்தலாம். வரலாற்று மாணவர் பயன்படுத்தலாகாது.

அடுத்து, குதிரைப்படைப் பொருள்கள். ‘காலனிக் காலத்துச் சவாரின் சேணம்’ என்று ஏலத்துக்கு வரும் பொருளைப் பார்த்து வீரம், விசுவாசம் என்று உருகுவோர் சில்லாதார் முறையைச் சற்றே வாசிக்கவேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவின் பெரும்பாலான குதிரைப்படைப் பிரிவுகளில், முதல் உலகப் போர்வரை, சவார் தன் குதிரைக்கும் சேணத்துக்கும் உடைக்கும் தானே பொறுப்பு. சேரும்போது ஒரு தொகை கட்டவேண்டும். மீதி சம்பளத்தில் பிடிக்கப்படும். நிலமோ கால்நடையோ உள்ள குடும்பத்தின் பிள்ளைக்கே அது எட்டும். அதன்மேல் 1857க்குப் பின் வலுப்பெற்ற ‘போர்க்குடிகள்’ கோட்பாடு, யார் போர்வீரனாகப் பிறந்தவர் என்பதைச் சாதியைக்கொண்டு முடிவுசெய்தது. சென்னை மாகாணத்தவர் அதில் மதிப்பிழந்தனர். தலைமுறைகளாகப் படையில் பணியாற்றிய மகர்களைச் சேர்ப்பதும் 1890களில் நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை அப்படையில் சுபேதாராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில் 1943இல் எழுப்பப்பட்ட சமார் படைப்பிரிவு 1946இலேயே கலைக்கப்பட்டது. அந்தச் சேணம் அமர்வதற்கான ஆசனமாக இருந்ததோடு, அதில் அமர்வதற்குரிய பிறப்பின் சான்றிதழாகவும் இருந்தது.

அதே படையில் சேணத்தைத் தைத்துச் சீர்செய்த மோச்சியும், குதிரையைத் தேய்த்துத் தீனி வைத்த சயிஸும் இருந்தனர். படையின் கணக்கேட்டில் அவர்கள் வீரர்கள் அல்லர். சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருடன் ‘ஃபாலோயர்ஸ்’ என்ற தனிப் பட்டியலில் குறைந்த ஊதியத்துக்கு வைக்கப்பட்டவர்கள். முதல் உலகப் போரில் இவர்களும் கடல்கடந்தார்கள், இவர்களும் மடிந்தார்கள். ராதிகா சிங்காவின் 2020ஆம் ஆண்டு நூல் இவ்வுலகை விரிவாகத் திறந்து காட்டியிருக்கிறது. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் ஜோத்பூர், மைசூர் ஈட்டிப்படையினர் நடத்திய குதிரைப் பாய்ச்சலை நாம் நினைவுகூர்கிறோம். தில்லியில் மூன்று சிலைகள் நிற்கின்றன. 2018இல் அந்தச் சந்திப்பின் பெயரோடு ஹைஃபாவும் சேர்ந்துகொண்டது. அன்றைய காலைக்கு முன் அக்குதிரைகளுக்குச் சேணம் பூட்டிய கைகளுக்கு ஒரு கல்வெட்டு வரியேனும் உண்டா?

இனி இந்தப் பொருள்கள் உருவான நகரத்துக்குச் செல்வோம். 1857 எழுச்சியின் குருதி தோய்ந்த கான்பூரில், 1860களில் அரசின் சேணத் தொழிற்சாலை எழுந்தது. படைக்குத் தேவையான சேணத்தையும் வார்களையும் கப்பலுக்காகக் காத்திராமல் இங்கேயே செய்துகொள்வதே நோக்கம். 1880களில் கூப்பர் ஆலன் நிறுவனம் வந்தது. இராணுவக் காலணிகள் அங்கிருந்து குவியலாக வெளிவந்தன. கருவேலம்பட்டைச் சாற்றில் தோல் பல வாரங்கள் ஊறியது. தெற்கே, நம் சென்னை மாகாணத்தில், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் இலண்டன் சந்தைக்குச் சென்றன. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள், மயிர் நீக்கியவர்கள், சதை வழித்தவர்கள், மெழுகிட்ட நூலால் ஊசி கோத்தவர்கள் ஆகியோரில் மிகப்பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும்.

இங்கே எதிர்வாதம் ஒன்றை நானே எழுப்பிக்கொள்கிறேன். சமார் என்றால் தோல் தொழிலாளி என்று சமன்படுத்துவது காலனியப் பதிவேடுகள் வளர்த்த பார்வை என்று ராம்நாராயண் ராவத் 2011இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டுள்ளார். அச்சமூகத்தின் பெரும்பகுதியினர் உழவர்களே என்பது அவர் காட்டும் சான்று. அதை முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. உழவர்களாய் இருந்த மக்களைப் பிறப்பாலேயே தோல்காரர்கள் என்று எழுதிவைத்து, அந்தத் தோலால் ஆன பொருளை மட்டும் கனவான்களின் மரபு என்று எழுதிவைத்தது ஒரே காலகட்டத்தின் ஒரே எழுதுகோல். இழிவு செய்தவர் பக்கம். அழகு அமர்ந்தவர் பக்கம். அதே கான்பூரில் சுவாமி அச்சூதானந்தர் 1920களில் ஆதி இந்து இயக்கத்தை வளர்த்தார். சேணம் தைத்த நகரம், சேணத்தில் அமர்ந்தோரின் உலகைக் கேள்வி கேட்ட நகரமும்கூட. நம் ஏக்கப் படங்களில் அந்த நகரம் எங்கேனும் தென்படுகிறதா?

கூப்பர் ஆலன் பின்னாளில், 1969இல் உருவான டாஃப்கோ என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கைக்கு வந்து, அதுவும் மூடப்பட்டது. சேணத் தொழிற்சாலை காலப்போக்கில் படைக்கலத் தளவாடத் தொழிற்சாலையாகி, 2021இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபின் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் பகுதியாயிற்று. தொழில் மட்டும் சாகவில்லை. கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கச் சவாரியாளர்களுக்கு இன்றும் கான்பூரிலிருந்து சேணமும் கடிவாளமும் செல்கின்றன. ஆகவே ‘மறைந்துபோன கைத்திறன்’ என்று எழுதும்போது நாம் செய்வது என்ன? உயிரோடிருக்கும் தொழிலாளிக்கு இரங்கற்பா பாடுகிறோம். அவர் உயிரோடிருந்தால் கூலி, குரோமியக் கழிவு, நோய், வேலை நாள்கள் பற்றிப் பேசவேண்டி வரும். இறந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டால் மெருகைப் பற்றி மட்டும் பேசலாம்.

தோலின் தொடக்கம் எங்கே என்று கேட்பதும் நம் கடமை. 2016 ஜூலையில் குஜராத்தின் உனா வட்டத்தில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் பொது இடத்தில் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். அதன்பின் சுரேந்திரநகரில் தலித்துகள் இறந்த மாடுகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டார்கள். உங்கள் பசுவை நீங்களே அப்புறப்படுத்துங்கள் என்பதே அச்செயலின் பொருள். நூறாண்டுப் பழமையான தோலை வரவேற்பறையில் வைத்துத் தடவி மகிழும் சமூகம், புதிய தோலை உரிப்பவரை அடிக்கிறது. காலம் கடந்தால் தீட்டும் ‘வின்டேஜ்’ ஆகிவிடுகிறது போலும்.

அரசும் இந்த ஏக்கத்துக்கு வெளியே இல்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் குதிரைப்படை 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் உருவாக்கியது. அதில் சேர ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று வகுப்பினருக்கு மட்டுமே வாய்ப்பளிக்கப்படுகிறது என்று தொடரப்பட்ட வழக்கில், 2018 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அரசிடமும் இராணுவத்திடமும் விளக்கம் கேட்டது. 2024 குடியரசு நாள் விழாவில் நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் குடியரசுத் தலைவர் மீண்டும் குதிரை பூட்டிய சாரட்டில் வந்தார். பழங்குடிப் பெண்மணி ஒருவர் அதில் அமர்ந்தாரே, இதைவிட என்ன விடை வேண்டும் என்று சிலர் கேட்டனர். அமர்ந்தவர் மாறியது மெய்யாகவே பெரிது. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் வண்டியைச் சூழ்ந்து வரும் குதிரைகளில் யார் ஏறலாம் என்ற வினா, வண்டிக்குள் அமர்ந்தவரின் பிறப்பைக் காட்டிப் பதில் சொல்லக்கூடிய வினாவன்று.

இனி நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் இரு மறுப்புகள்.

ஒன்று: பழம்பொருள்மீதான விருப்பம் கைவினைஞரை வாழவைக்கிறது. பழஞ்சேணத்தின் விலை எதற்குத் தரப்படுகிறது என்று பாருங்கள். எந்த அரண்மனை, எந்தப் படைப்பிரிவு, எந்த அதிகாரி என்பதற்கே. தைத்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. அவருடைய பெயரனுக்கும் இல்லை. மேலும், உடைமையாளரின் பெயர் ஏற ஏற விலையும் ஏறும் சந்தை, தைத்தவரின் பெயரைத் தேடுவதற்கு எந்தக் காரணமும் வைத்திருக்கவில்லை.

இரண்டு, சற்றே நுட்பமானது: மணமகன் குதிரையேறுவதே க்ஷத்திரியப் பாவனை, தலித்துகள் ஏன் அதை விரும்பவேண்டும்? முற்போக்கர் வாயிலிருந்தே இதைக் கேட்கிறேன். குதிரை வேண்டாம் என்று உதறும் உரிமை, முதலில் ஏறும் உரிமை உள்ளவருக்கே உண்டு. ஏறவிடாமல் கல்லெறியப்படுபவரிடம் போய் ஏறுவதன் குறியீட்டு அரசியலை விமர்சிப்பது, பசித்தவரிடம் நோன்பின் மேன்மையைப் பேசுவதாகும். இதைச் சொல்பவரே தம் திருமணப் படத்தில் ஜோத்பூரிக் கோட்டுடன் நிற்கிறார் என்றால், அந்த விமர்சனத்தை அவர் தம் அலமாரியிலிருந்து தொடங்கட்டும்.

இது வடநாட்டுச் சிக்கல், நமக்கென்ன என்று தமிழ் வாசகர் ஒதுங்கவும் வழியில்லை. அச்சட்டப்பிரிவைத் திரும்பப் பாருங்கள்: குதிரைக்கு முன்பாகவே மிதிவண்டியும் காலணியும் அதில் வருகின்றன. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டிய தெருக்களையும், மிதிவண்டியை இறங்கித் தள்ளவேண்டிய தெருக்களையும் நம் கள ஆய்வாளர்கள் தமிழ்நாட்டிலேயே பதிவுசெய்திருக்கிறார்கள். உயரத்தில் அமர்வது யார் என்பதே கேள்வி. விலங்கோ சக்கரமோ அதற்குப் பிறகு.

பழஞ்சேணங்களை எரித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அழகை ரசிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரட்டை இழையிட்டு அங்குலத்துக்கு அங்குலம் பிசகாமல் ஓடும் அந்தத் தையலைப் பார்த்து வியக்காதவர் கண்ணில்லாதவர். அந்த வியப்பு சரியான ஆளிடம் போய்ச் சேரவேண்டும் என்பதே என் கோரிக்கை. ஆய்வுலகில் இருப்போர் செய்யக்கூடியவை சில உண்டு.

அருங்காட்சியகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் விளக்க அட்டை எழுதித் தருபவர்கள் நம்மில் பலர். உடைமையாளர் பெயருக்குக் கீழே, தோல் பதனிட்ட ஊர், தைத்த பட்டறை, அவ்வேலையைச் செய்த சமூகம், அன்று அவர்களுக்குத் தரப்பட்ட ஊதியம் ஆகியவற்றில் ஆவணம் கிடைக்கும் அளவுக்கேனும் எழுதுங்கள். கிடைக்காத இடத்தில், தைத்தவர் பெயர் பதிவுசெய்யப்படவில்லை என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியே ஒரு வரலாறு. தொழிற்சாலைக் கூலிப் பதிவேடுகளும் தொழிற்சங்க நோட்டீசுகளும் குப்பைக்குப் போகுமுன் அவற்றைத் தேடுங்கள். கான்பூரின் ஜாஜ்மவ்வில் தோல் தொழிற்கூடங்களிலிருந்து ஓய்வுபெற்ற முதியோர் இன்னும் இருக்கிறார்கள். வாய்மொழி வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் ஒரு பதிவுக் கருவியுடன் அங்கே ஓராண்டு தங்கினால், நூறு ‘வின்டேஜ்’ படங்கள் சொல்லாததை அவர் கொண்டுவருவார். ஆய்வு நெறியாளர்களே, இத்தலைப்புடன் உங்களிடம் வரும் மாணவரை ‘இதற்குச் சான்றாதாரம் இல்லை’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். சான்றாதாரம் ஏன் இல்லை என்பதுதான் அவருடைய ஆய்வின் முதல் இயல்.

அதுவரை, அடுத்த முறை பழஞ்சேணத்தின் படத்தைப் பகிருமுன் அந்தச் சட்டப்பிரிவை ஒருமுறை வாசித்துவிட்டுப் பகிருங்கள். படத்தின் கீழே எழுதுவதற்கு வேறு ஏதேனும் தோன்றக்கூடும்.